ஜூலையில் நட்ட மரக்கன்று ஏன் பிழைப்பதில்லை? சென்னைத் தோட்டங்களுக்கு வானிலை போட்ட தனி கேலண்டர்

ஜூன் 5, உலக சுற்றுச்சூழல் தினம். ஆபீஸில் ஆளுக்கொரு மரக்கன்று தருவார்கள். குரூப் போட்டோ, இன்ஸ்டா ஸ்டோரி எல்லாம் முடியும். அடுத்து ஜூலை முதல் வாரத்தில் வன மகோத்சவம். அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் குழி தோண்டும் படங்கள் வரிசையாக வரும். ஆகஸ்ட் கடைசியில் அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு காய்ந்த குச்சியும் அதைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டும்தான் மிஞ்சியிருக்கும். ‘யாரும் தண்ணி ஊத்தல’, ‘மாடு கடிச்சிருச்சு’, ‘நமக்குக் கைராசி இல்ல’ என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தேதியை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

சந்தேகப்பட வேண்டியது அந்தத் தேதியைத்தான். வன மகோத்சவத்தை 1950-ல் தொடங்கி வைத்தவர் அப்போதைய மத்திய உணவு, வேளாண் அமைச்சர் கே.எம்.முன்ஷி. ஜூலையைத் தேர்ந்தெடுத்ததில் தப்பே இல்லை. அதற்குள் தென்மேற்குப் பருவமழை நாட்டின் பெரும்பகுதியை எட்டியிருக்கும். மும்பையிலோ போபாலிலோ அப்போது நட்ட கன்றுக்கு அடுத்த இரண்டு மாதமாவது வானமே தண்ணீர் ஊற்றிவிடும். சென்னைக்கு இந்தக் கணக்கு செல்லாது.

நம்ம ஊர் மழை எப்போ வருது?

சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். இதில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஜனவரியில் தொடங்கி மே வரை கிட்டத்தட்ட வறண்ட காலம்தான்.

அளவைவிட முக்கியம், அந்த ஜூலை மழை பெய்யும் விதம். தென்மேற்குக் காற்று கொண்டுவரும் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று காய்ந்து, சூடாகிச் சென்னையை அடைகிறது. பகலில் 36, 37 டிகிரி வெயில். அந்தச் சூட்டில் நிலம் கொதித்து, மாலையில் இடிமேகம் திரண்டு, ராத்திரி ஒரு மணி நேரம் பொளந்து கட்டும். காலையில் ரோடு ஈரமாக இருக்கும், பத்து மணிக்கு அதுவும் காய்ந்திருக்கும். அடுத்த மழை நாளைக்கும் வரலாம், பத்து நாள் கழித்தும் வரலாம். வேர் இன்னும் ஒரு சாண்கூட இறங்காத கன்று அந்தப் பத்து நாளைத் தாங்காது.

இதையே செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதிக்குள் நட்டால் கதை வேறு. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேல் மண்ணில் ஈரம் இருக்கும். மழை விட்டதும் மார்கழி, தைக் குளிர்ச்சி. மார்ச்சில் வெயில் ஏறும்போது கன்றுக்கு ஐந்து மாத வேர் இருக்கும். மும்பைக்கு ஜூலை எப்படியோ, சென்னைக்கு அக்டோபர் அப்படி.

இங்கே ஒரு கேள்வி வரும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று நம் முன்னோர்கள் சொன்னது தப்பா? தப்பில்லை. அது வயலுக்கும், தண்ணீர் வசதியுள்ள காய்கறித் தோட்டத்துக்கும் சொன்னது. ஆடி என்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. குடகு மலையில் பெய்த மழை காவிரியில் இறங்கி வரும் காலம் அது. ஆடியில் விதைத்த செடி, ஐப்பசியில் அடைமழை பிடிப்பதற்குள் நன்றாக வேர் பிடித்து நிற்கும். மொட்டை மாடியில் தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் ஆடிப்பட்டக் கத்திரி, வெண்டை, அவரை எல்லாம் அருமையாக வரும். ரோட்டோரக் கன்றுக்கு அப்படி ஊற்றுபவர் யாரும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

மழையில் வாடும் செடி

மாடித்தோட்டக்காரர்கள் அதிகம் பயப்படுவது மே மாத வெயிலுக்கு. ஆனால் செடிகளைச் சத்தமில்லாமல் கொல்வது நவம்பர்தான்.

தொடர்ந்து நாலு நாள் மழை. ஐந்தாம் நாள் மாடிக்குப் போனால் தக்காளிச் செடி துவண்டு தொங்குகிறது. ‘வாடியிருக்கே’ என்று பழக்கதோஷத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுகிறோம். அதோடு செடியின் கதை முடிந்தது. வேருக்குத் தண்ணீர் மட்டுமல்ல, காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளில்தான் அந்தக் காற்று இருக்கிறது. அந்த இடமெல்லாம் நீரால் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுமுட்டி, தண்ணீரை உறிஞ்சும் வேலையையே நிறுத்திவிடும். வேர் தண்ணீரிலேயே மூழ்கிக் கிடந்தாலும் மேலே இலை தாகத்தில் வாடும். சரியாக அந்த நேரம் பார்த்து அழுகல் பூஞ்சையும் வேரைப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் மழை தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை உரம் வைப்பது அல்ல, தொட்டிகளின் அடித் துளையைக் குச்சி விட்டுக் குத்திப் பார்ப்பது. குரோ பேக்கை நேரடியாகத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேலே தூக்கி வைத்தால் தண்ணீர் தேங்காது, மாடித் தளத்துக்கும் நல்லது. கோகோபீட் அதிகம் போட்ட பைகளில் இன்னும் கவனம் தேவை. கோடையில் ஈரத்தைப் பிடித்து வைத்து நம்மைக் காப்பாற்றிய அதே தேங்காய்நார்த் தூள், மழைக்காலத்தில் ஸ்பாஞ்ச் மாதிரி நனைந்தே கிடக்கும். தட்டுகளை எடுத்துவிடலாம். வெயில் வரும் வரை விதை போடாமல் காத்திருக்கலாம்.

ஆனால் மழை ஒரு நல்ல காரியமும் செய்கிறது. சென்னையில் பல வீடுகளில் செடிக்குப் போவது உப்பு கலந்த போர் தண்ணீர், அல்லது ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீர். இரண்டிலும் உப்பு அதிகம். மாதக்கணக்கில் ஊற்ற ஊற்ற அந்த உப்பு தொட்டி மண்ணில் தங்கிவிடும். மண்ணின் மேல் வெள்ளைப் படலம், இலை நுனி கருகல் எல்லாம் அதன் அடையாளம். ஒரு நல்ல மழை இந்த உப்பைக் கழுவிக் கீழே அனுப்பிவிடுகிறது. மழைநீரில் கொஞ்சம் நைட்ரஜனும் கரைந்திருக்கும். முதல் மழைக்கு அப்புறம் செடிகள் ‘பளிச்’னு பச்சை பிடிப்பது கண்ணுக்குத் தெரியும் பிரமை இல்லை.

தையும் மாசியும்: சென்னையின் நிஜமான வசந்தம்

டிசம்பர் கடைசியில் மழை ஓயும். ஜனவரியில் இரவு 20, 21 டிகிரிக்கு இறங்கும், பகலில் இதமான வெயில். சென்னைத் தோட்டங்களுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. தக்காளி, முள்ளங்கி, காலிஃபிளவர், சாமந்தி, டேலியா எல்லாமே இந்த இரண்டரை மாதத்தை நம்பித்தான் இருக்கின்றன.

பூக்களை வைத்து இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளலாம். ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா 1848-ல் உருவானது. அங்கே மலர்க் கண்காட்சி மே மாதத்தில் நடக்கும். சுமார் 2,200 மீட்டர் உயரம், டிசம்பர், ஜனவரியில் உறைபனி கொட்டும் ஊர். அங்கே கோடைதான் பூக்காலம். சென்னையில் 2022 ஜூனில் மலர்க் கண்காட்சி நடந்தபோது அது கலைவாணர் அரங்கத்தின் கூரைக்குள் நடந்தது. 2024-ல் பிப்ரவரியிலும், 2025-ல் ஜனவரியிலும் செம்மொழிப் பூங்காவின் திறந்தவெளியில் நடந்தது. சாமந்தியைக் கேட்டால் எந்த மாதத்துக்கு ஓட்டுப் போடும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாச் செடியும் குளிரை விரும்புவதில்லை. மல்லிகை இதற்கு நேர் எதிர். அதன் சீசன் மார்ச்சிலிருந்து ஜூன் வரை. பனிக்காலத்தில் மொட்டு குறைந்துபோவதால்தான் டிசம்பர், ஜனவரியில் மதுரை மல்லி விலை எகிறிச் செய்தியாகிறது. வீட்டு மல்லியில் பூ இல்லையே என்று அப்போது உரத்தைக் கொட்டுவதில் பயனில்லை. நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிவிட்டால், வெயில் ஏற ஏறப் புதுக் கிளையில் மொட்டு வரும். காகிதப்பூவுக்கும் தண்ணீர் குறைந்தால்தான் சந்தோஷம். மழைக்காலத்தில் இலையாகத் தழைக்கும், பிப்ரவரியில் மண் காய்ந்ததும் இலை தெரியாமல் பூக்கும். மா மரமும் இந்த வறண்ட குளிரில்தான் பூவெடுக்கும். அந்த நேரத்தில் பருவம் தவறி மழை வந்தால் பூ கொட்டும், மிஞ்சியதைப் பூஞ்சை பிடிக்கும், மாங்காய் சீசன் அடிவாங்கும்.

தை, மாசியில் விழும் பனிக்கும் ஒரு விலை உண்டு. ராத்திரி ஈரம், பகலில் வறட்சி. வெண்டை, பாகல், பூசணி இலைகளில் மாவு தூவியது போல வெள்ளையாகச் சாம்பல் நோய் வருவது பெரும்பாலும் இப்போதுதான். செடிகளை நெருக்கி வைக்காமல் காற்று போக இடம் விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடற்காற்று எத்தனை மணிக்கு வருது?

மார்ச்சுக்குப் பிறகு சென்னையின் தோட்டங்களை இயக்குவது ஒரே ஒரு விஷயம்: கடற்காற்று. பகலில் நிலம் சூடாகி, அதன் மேலிருக்கும் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சாதாரண நாளில் மதியத்தை ஒட்டி வந்துவிடும். வந்தால் வெப்பம் அங்கேயே நின்றுவிடும். மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று தாமதமாகும், சில நாள் வராமலே போகும். 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் பெரும்பாலும் அவைதான். 2003 மே மாத இறுதியில் சென்னையில் 45 டிகிரி பதிவானது.

இதனால் ஒரே நகரத்துக்குள்ளேயே இரண்டு மூன்று வானிலை இருக்கிறது. நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் வானிலை நிலையங்கள் இருக்கின்றன. கோடையில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும் நாட்கள் குறைவு. பெசன்ட் நகர் பால்கனிக்கு ஒரு மணிக்கு வந்த காற்று, பூந்தமல்லி மாடிக்குப் போய்ச் சேரத் தாமதமாகும், அதற்குள் அதன் குளிர்ச்சியும் குறைந்துவிடும். ஆனால் பெசன்ட் நகர்க்காரருக்கு வேறு தலைவலி. கடற்காற்றோடு உப்பும் வரும். கடலைப் பார்த்த பால்கனியில் மென்மையான இலை உள்ள செடிகள் ஓரம் கருகும். பூவரசு, புன்னை, அரளி போன்றவை கவலைப்படாது. திருவான்மியூரில் ஜம்மென்று வளர்வது தாம்பரத்தில் வளராமல் போகலாம், தாம்பரத்தில் வளர்வது இங்கே கருகலாம். யூடியூப்பில் ‘சென்னைக்கு ஏற்ற 10 செடிகள்’ என்று வரும் வீடியோக்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

மே மாதத் தக்காளி பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘செடி நல்லா இருக்கு, பூ வருது, ஆனா எல்லாம் கொட்டுது.’ மாடித்தோட்டக் குரூப்புகளில் கோடையில் திரும்பத் திரும்ப வரும் புலம்பல் இது. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் சூடாகவே இருந்தால் தக்காளிப் பூவின் மகரந்தம் வீரியம் இழக்கிறது. பிஞ்சு பிடிக்காத பூவைச் செடி உதிர்த்துவிடுகிறது. மாடியில் இது இன்னும் மோசம். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம், ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைத் திருப்பிக் கக்கும். எந்த டானிக் அடித்தாலும் இது மாறாது. நிழல்வலை கட்டினால் கொஞ்சம் குறையும். அதைவிட எளிது, அக்னி நட்சத்திர நாட்களில் தக்காளியை மறந்துவிட்டு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை பக்கம் போவது.

அப்பார்ட்மெண்ட் புல்வெளிகளின் கதை வேறு ரகம். வீடு விற்கும் விளம்பரப் படத்தில் வரும் அந்தப் பச்சைக் கம்பளம், மே மாதத்தில் தினமும் தண்ணீர் குடித்தால்தான் பச்சை. 2019 ஜூனில் சென்னையின் குடிநீர் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டு, லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. அந்த அனுபவத்துக்குப் பிறகும் புதுக் குடியிருப்புகளில் புல்வெளிக்கே முதலிடம் தருவது கொஞ்சம் ஆச்சரியம்தான். அதே இடத்தில் நாலு புங்க மரம் நின்றால் நிழலும் கிடைக்கும், தண்ணீர்ச் செலவும் குறையும்.

புயலில் எந்த மரம் விழுது?

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பல தெருக்களில் மறுநாள் காலை வானம் புதிதாகத் தெரிந்தது. மிஞ்சிய மரங்களும் இலை கருகி மொட்டையாக நின்றன. சில வாரங்களில் பல மரங்கள் மறுபடி துளிர்த்தன.

விழுந்தவற்றில் மடகாஸ்கரிலிருந்து வந்த மயில்கொன்றை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சி, மஞ்சள் பூப்பூக்கும் இயல்வாகை ஆகியவை அதிகம் கண்ணில் பட்டன. அதனால் ‘வெளிநாட்டு மரம் என்றாலே விழும், நாட்டு மரம் நிற்கும்’ என்ற பேச்சு பரவியது. அதில் பாதிதான் உண்மை. மேலோட்டமான வேரும், குடைபோல விரிந்த தலையும் உள்ள மரத்தைக் காற்று எளிதில் சாய்க்கும். பனை மரத்தில் காற்று பிடிக்க அவ்வளவு இடம் இல்லை, அதனால் நிற்கிறது. ஆனால் 2018 நவம்பர் 16 அன்று வந்த கஜா புயலில் டெல்டாவின் தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சரிந்ததை நினைத்தால், எந்த மரத்துக்கும் முழு உத்தரவாதம் கிடையாது.

மீதிப் பாதி, நாம் மரத்துக்குச் செய்தது. அடிமரத்தை ஒட்டி சிமெண்ட் பூசினால் வேர் மூச்சுக்கு ஏங்கும். மழைநீர் வடிகால் தோண்டும்போது ஒரு பக்க வேரை வெட்டினால் மரம் ஒற்றைக்காலில் நிற்கும். கரண்ட் கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் கழித்தால் எடை மறுபக்கம் சாயும். அந்த நிலையில் பல நாள் மழையில் மண் குழைந்து, அதன் மேல் காற்றும் அடித்தால் நாட்டு வேம்பும் விழத்தான் செய்யும். விழும் இடத்தில் காரும் இருக்கலாம், ஆளும் இருக்கலாம். இதனால்தான் கிளை குறைக்கும் வேலை மழைக்கு முன், செப்டம்பருக்குள் முடிய வேண்டும். அதுவும் நாலு பக்கமும் சமமாக. புயல் எச்சரிக்கை வந்த பிறகு அவசரமாக ஒரு பக்கம் வெட்டுவது, வெட்டாமல் விடுவதைவிட மோசமாகவும் முடியலாம். அக்டோபரில் புதுக்கன்று நடுபவர்கள் அதே கையோடு இரண்டு கழி ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுவது நல்லது. கயிறு இறுகினால் தண்டை அறுக்கும், கொஞ்சம் ஆடினால்தான் தண்டு உறுதிப்படும்.

கோவைக்கும் இதே கேலண்டரா?

இல்லை. கோவைக்கு மழை சென்னையில் பாதி அளவுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று அடித்துக்கொண்டே இருக்கும். வானம் மேகமாக இருக்கும், வெயிலும் அதிகம் தெரியாது. ஆனால் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சுவதால் மாடித்தொட்டிகள் சென்னையைவிட வேகமாகக் காயும். சென்னைக்காரருக்கு ஷேட் நெட் எவ்வளவு முக்கியமோ, கோவைக்காரருக்குக் காற்றுத் தடுப்பு அவ்வளவு முக்கியம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அங்கே ஜூனில் நட்டாலும் கன்று பிழைக்க வாய்ப்பு அதிகம்.

பருவங்களும் இப்போது சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. 2021 டிசம்பர் 30 அன்று, மழை முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், சில மணி நேரத்தில் சென்னையின் சில இடங்களில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் இரண்டு நாள் நகரத்தை மூழ்கடித்தது. தைப்பட்டத்துக்கென்று டிசம்பர் மூன்றாவது வாரமே நாற்று விட்டவர்கள் 2021-ல் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. எல்லா விதையையும் ஒரே நாளில் போடாமல், பத்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாகப் போடுவது இதற்கு ஒரு சுலபமான காப்பு.

உங்கள் மாடிக்கான கேலண்டரைத் தயாரிக்கப் பெரிய ஆப் எதுவும் வேண்டாம். சென்னை வானிலை ஆய்வு மையம் தினமும் மாவட்டவாரியாக முன்னறிவிப்பு தருகிறது. அதோடு, நேராக நிற்கும் ஒரு டப்பாவை மாடியில் திறந்த இடத்தில் வைத்து, காலையில் ஸ்கேலால் அளந்தால் உங்கள் தெருவின் மழை தெரிந்துவிடும். கடற்காற்று எத்தனை மணிக்கு வந்தது, எந்தச் சுவரில் மாலை வெயில் விழுகிறது, எந்தத் தேதியில் பூ கொட்டத் தொடங்கியது என்று போன் நோட்ஸில் ஒரு வரி போதும். ஆபீஸில் கொடுத்த ஜூன் 5 மரக்கன்றை இன்னும் நடவில்லை என்றால் அவசரம் வேண்டாம். கொஞ்சம் பெரிய பைக்கு மாற்றி, நிழலான இடத்தில் வைத்து, தண்ணீர் ஊற்றி வாருங்கள். தரையில் இறக்க அக்டோபர் வரை நேரம் இருக்கிறது.